அபர்ச்சர் வளையமும் லென்ஸ் பொருத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் பழைய லென்ஸுக்குப் பஞ்சமில்லை. ஃபோர்ட்டில் போரா பஜார் சந்துகளில் கிடைக்கும், சோர் பஜாரின் மட்டன் தெருவில் கிடைக்கும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் ஃபிலிம் கேமராவோடு சேர்ந்து ஒரு 50 எம்எம் சும்மா கிடக்கும். இவற்றில் எது எந்த பாடியில் (கேமரா உடலில்) உட்காரும், உட்கார்ந்தபின் எது வேலை செய்யும், எது செய்யாது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் முன்கண்ணாடியைத்தான் பார்க்கிறார்கள். பொருந்துமா பொருந்தாதா என்பது பின்பக்கத்தில் இருக்கிறது.

அபர்ச்சர் வளையம் உண்மையில் என்ன செய்கிறது?

லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளைதான் அபர்ச்சர். அதை அமைக்கும் பிளேடுகள் எவ்வளவு மூட வேண்டும் என்று வளையம் எல்லை வகுக்கிறது. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று வளையத்தில் இருக்கும் ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகக் குறையும்.

பலர் தவறாக நினைக்கும் இடம் ஒன்று உண்டு. எஸ்எல்ஆர் கேமராவில் (உள்ளே உள்ள மிரரால் லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா) வளையத்தை எஃப்/16-க்கு, அதாவது 16 என்ற எண்ணுக்குத் திருப்பினாலும் வியூஃபைண்டர் இருட்டாவதில்லை. காரணம், கேமராவுக்குள் இருக்கும் ஒரு லீவர் பிளேடுகளைத் திறந்தே பிடித்திருக்கிறது. ஷட்டரை அழுத்தும் கணத்தில் கேமரா அந்தப் பிடியை விடும். லென்ஸின் ஸ்பிரிங் பிளேடுகளை எஃப்/16 வரை மூடும், படம் பதிவாகும், மறுபடி திறக்கும். வளையம் எல்லையைச் சொல்கிறது, நேரத்தைக் கேமரா பார்த்துக்கொள்கிறது.

வளையத்துக்கு இரண்டாவது வேலையும் உண்டு. எந்த எண் வைத்திருக்கிறோம் என்று கேமராவின் மீட்டருக்குச் சொல்வது. லென்ஸ் திறந்திருக்கும்போதே மீட்டர் ஒளியை அளப்பதால், அப்புறம் எவ்வளவு மூடப்போகிறது என்று அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பழைய லென்ஸ் புது கேமராவில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வேலை அறுந்துபோவதால் வருவது.

ஆகவே எந்த லென்ஸைக் கையில் எடுத்தாலும் இரண்டே கேள்விதான். பிளேடுகளை அசைப்பது யார்: வளையமா, லீவரா, மின்சாரமா? வைத்த எண் கேமராவுக்கு எப்படிப் போகிறது? கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து பிறப்பவை.

பழைய ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) லென்ஸை நிக்கான் டிஜிட்டலில் மாட்டினால் ‘எஃப்ஈஈ’ என்று மின்னுகிறது, ஷட்டர் விழவில்லை. லென்ஸ் கெட்டுவிட்டதா?

இல்லை. வளையத்தை மிகப் பெரிய எண்ணுக்கு, அதாவது 16, 22 அல்லது 32-க்குத் திருப்புங்கள். பெரும்பாலும் அது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பக்கத்தில் சின்னப் பூட்டு இருந்தால் தள்ளிப் பூட்டிவிடுங்கள். இனி அபர்ச்சரை கேமராவின் டயலில் மாற்றலாம். வளையம் எஃப்/8-இல் நின்றால் பிளேடு எஃப்/8-க்கு மேல் மூட முடியாது. கேமரா எஃப்/16 கேட்டாலும் கிடைக்காது. அதனால்தான் அது ஷட்டரையே மறுக்கிறது.

பூட்டு தேய்ந்த லென்ஸில், பையிலிருந்து எடுக்கும்போதே வளையம் ஒரு கிளிக் நகர்ந்துவிடும். ஒரு துண்டு கேஃபர் டேப் (துணி ஒட்டுநாடா) போதும். டி300, டி700, டி7000, டி800 போன்ற பாடிகளில் வளையத்தாலேயே அபர்ச்சரை மாற்ற மெனுவில் வழி இருக்கிறது. கமாண்ட் டயல் அமைப்பில் தேடுங்கள்.

ஏஐ, ஏஐ-எஸ் மேனுவல் லென்ஸ்கள் எந்த நிக்கான் டிஜிட்டலில் மீட்டரோடு வேலை செய்யும்?

நிக்கானின் எஃப் மவுண்ட் (லென்ஸ் பாடியில் மாட்டும் அமைப்பு) 1959-இல் வந்தது. 1977-இல் வந்த ஏஐ லென்ஸ்களில் வளையத்தின் பின்விளிம்பில் ஒரு மேடு இருக்கும். அது பாடியின் மவுண்ட்டைச் சுற்றியுள்ள மெல்லிய வளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாக்கைத் தள்ளும். எண் மீட்டருக்குப் போகும் பாதை அதுதான். உங்கள் பாடியில் அந்த நாக்கு இருந்தால் மீட்டர் உண்டு, இல்லையென்றால் இல்லை.

நாக்கு உள்ளவை: டி200, டி300, டி500, டி600, டி610, டி700, டி750, டி7000, டி7100, டி7200, டி800, டி810, டி850. நாக்கு இல்லாதவை: டி40, டி60, டி3000 வரிசை, டி5000 வரிசை, டி70, டி80, டி90. இதில் பலரை ஏமாற்றுவது டி7500. டி7200-க்கு அடுத்து வந்த மாடல்தானே என்று வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அதில் அந்த நாக்கை எடுத்துவிட்டார்கள். கைவசம் நாலைந்து ஏஐ லென்ஸ் உள்ளவருக்கு, பழையதானாலும் டி7200தான் சரி.

நாக்கு இருந்தாலும் ஒரு வேலை பாக்கி. செட்டப் மெனுவில் ‘நான்-சிபியு லென்ஸ் டேட்டா’ (சிப் இல்லாத லென்ஸின் விவரம்) என்ற இடத்தில் லென்ஸின் ஃபோகல் லெங்த்தையும் அதிகபட்ச அபர்ச்சரையும் பதிய வேண்டும். 50 எம்எம் எஃப்/1.8 என்றால் 50, 1.8. டி7000, டி750 போன்றவற்றில் 9 லென்ஸ் வரை பதிந்து வைக்கலாம். லென்ஸை மாற்றும்போது அந்த எண்ணையும் மாற்ற மறந்தால் திரையில் தெரியும் எஃப் எண் தப்பாக இருக்கும். காட்சி முழுவதையும் அளக்கும் மேட்ரிக்ஸ் மீட்டரிங்கும் தடுமாறும். மாட்டியபின் ஏ (அபர்ச்சரை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா வைப்பது) அல்லது எம் (இரண்டையும் நாமே வைப்பது) மோடில் மட்டும் எடுங்கள்.

ஏஐ-க்கு முந்தைய லென்ஸ் கிடைத்தது. மாட்டலாமா?

மேலே சொன்ன நாக்கு உள்ள பாடியில் மாட்டாதீர்கள். பழைய வளையத்தின் விளிம்பு முழுச்சுற்றும் ஒரே உயரத்தில் இருக்கும். லென்ஸைச் சுழற்றி மாட்டும்போது அது நாக்கின் மேல் ஏறி அழுத்தும். ‘கொஞ்சம் டைட்டா இருக்கு’ என்று பலம் கொடுத்தால் நாக்கு வளையும் அல்லது உடையும். அப்புறம் நல்ல ஏஐ லென்ஸ் போட்டாலும் மீட்டர் வேலை செய்யாது.

அடையாளம் காண்பது எளிது. ஏஐ லென்ஸில் எஃப் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும். பெரிய வரிசைக்குப் பின்னால், மவுண்ட்டை ஒட்டி, பொடி எழுத்தில் இன்னொன்று. முந்தையதில் ஒரே வரிசை. வளையத்தின் மேல் நிற்கும் முயல்காது போன்ற உலோகத் துண்டில் இரண்டு ஓட்டை இருந்தால் ஏஐ, ஓட்டையில்லாமல் முழுசாக இருந்தால் பழையது. சிலதை யாரோ அரம் வைத்து அராவி ஏஐ ஆக்கியிருப்பார்கள். அப்படிப்பட்ட லென்ஸில் காது பழசாகவே இருக்கும், ஆனால் விளிம்பில் வெட்டு தெரியும். ஆகவே காதை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் விளிம்பைப் பாருங்கள்.

அராவாமலே மாட்டக்கூடிய பாடிகளும் உண்டு. நிக்கான் டிஎஃப் டிஜிட்டலிலும், எஃப்எம், எஃப்இ, எஃப்3, எஃப்4 ஃபிலிம் பாடிகளிலும் நாக்கை மடக்கி வைக்கலாம். மடக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். எஃப்எம்2-இல் மடங்காது. டி40, டி60-இல் நாக்கே இல்லாததால் பெரும்பாலான பழையவை உட்காரும்.

டி3500-இல் ஏஐ லென்ஸ் போட்டால் மீட்டர் இல்லை. எப்படி எடுப்பது?

டயலை எம்-க்குத் திருப்புங்கள். வேறு எந்த மோடிலும் ஷட்டர் விழாது. அபர்ச்சரை வளையத்தில் வையுங்கள், ஷட்டர் வேகத்தை டயலில் வையுங்கள். ஷட்டர் அழுத்தும்போது பிளேடுகள் தானாக மூடும், அந்த லீவர் இந்த பாடியிலும் இருக்கிறது. அறுந்திருப்பது மீட்டருக்குப் போகும் பாதை மட்டுமே.

தொடக்க அளவுக்கு ஃபிலிம் காலத்துக் கணக்கே போதும். ஐஎஸ்ஓ 100, தெளிவான உச்சி வெயில், மெரின் டிரைவ் மாதிரித் திறந்த இடம்: எஃப்/16, 1/125. நிழல் விழாத மேகமூட்டம்: எஃப்/8. மழை மேகம் கவிந்திருந்தால் எஃப்/5.6. வெயில் நாளில் கட்டட நிழலில் எஃப்/4. ஷட்டர் வேகம் அதேதான். ஒரு படம் எடுத்து, திரையில் ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள், வலதுபக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் ஒரு படி மூடுங்கள்.

பொங்கலன்று தாராவியில் 90 அடி சாலையோரம் அடுப்பு மூட்டும் வரிசையை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். காலை வெயில் புகைக்குப் பின்னால் இருக்கும். ஆட்டோ மீட்டர் அந்தப் புகையைப் பார்த்துக் குழம்பி, பானை முன் நிற்கும் முகத்தைக் கருப்பாக்கும். வளையத்தில் கை வைத்து ஒளியை முகத்துக்கு ஒருமுறை அமைத்துவிட்டால், அந்த வெளிச்சம் மாறும்வரை படத்துக்குப் படம் எக்ஸ்போஷர் அலையாது. மீட்டர் இல்லாததை ஒரு குறையாக மட்டும் பார்க்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

புது லென்ஸை என் எஃப்எம்10-இல் போட்டேன். ஃபைண்டரில் பளிச்சென்று இருந்தது, கழுவி வந்த ஃபிலிம் முழுக்க இருட்டு. ஏன்?

ஜி வகை லென்ஸ் போட்டிருப்பீர்கள். பெயரில் எஃப் எண்ணுக்குப் பின்னால் ஜி என்ற எழுத்து இருந்தால் அந்த லென்ஸில் வளையமே கிடையாது. எல்லை சொல்ல ஆளில்லாததால், எஃப்எம்10, எஃப்எம்2, எஃப்இ, எஃப்3 போன்ற பாடிகள் பிடியை விட்டதும் பிளேடு கடைசிவரை மூடிவிடும். ஒவ்வொரு படமும் எஃப்/16 அல்லது எஃப்/22. ஃபைண்டர் பளிச்சென்று இருந்ததற்குக் காரணம், அப்போது லென்ஸ் திறந்திருந்தது.

எஃப்4-இல் ஜி லென்ஸ், கேமராவே அபர்ச்சரை வைக்கும் பி, எஸ் மோடுகளில் வேலை செய்யும். எஃப்5, எஃப்100, எஃப்80, எஃப்6-இல் எல்லா மோடும் உண்டு.

பெயரில் எஃப் எண்ணுக்குப் பின்னால் ஈ வரும் லென்ஸ்களில் கதை நேர் எதிர். அவற்றின் பிளேடுகள் மின்சாரத்தால் அசைபவை. ஃபிலிம் பாடிக்கு அந்த மொழி தெரியாது, எல்லாப் படமும் முழுத் திறப்பில் விழும். பழைய ‘சீரிஸ் ஈ’ லென்ஸ்கள் வேறு, அவை வளையம் உள்ள மேனுவல் லென்ஸ்கள். ஏஎஃப்-பி லென்ஸ்களை ஃபிலிம் பாடிக்கு யோசிக்கவே வேண்டாம், மின்சாரம் இல்லாமல் ஃபோகஸ் வளையம்கூட வேலை செய்யாது.

ஒரே லென்ஸ், ஃபிலிமுக்கும் டிஜிட்டலுக்கும். எதை வாங்கலாம்?

நிக்கானில் ஏஎஃப்-டி வரிசை. வளையமும் உண்டு, சிப்பும் உண்டு. 50 எம்எம் எஃப்/1.8டி-யை எஃப்எம்10-இல் வளையத்தால் இயக்கலாம். அதையே டி750-இல் எஃப்/22-இல் பூட்டி ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். 35 எம்எம் எஃப்/2டி, 85 எம்எம் எஃப்/1.8டி இரண்டும் இதேபோல.

ஒரு நிபந்தனை: டி3000, டி5000 வரிசைகளில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மீட்டர் வேலை செய்யும், ஃபோகஸ் கையால்தான். ஃபைண்டரின் இடது கீழ்மூலையில் பச்சைப் புள்ளி நின்றால் ஃபோகஸ் சரி என்று அர்த்தம். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் (இடையில் மாட்டும் இணைப்பு வளையம்) வழியாக இசட் மிரர்லெஸ்ஸில், அதாவது உள்ளே மிரர் இல்லாத பாடியில் போட்டாலும் இந்த ஏஎஃப்-டி லென்ஸுக்கு ஆட்டோஃபோகஸ் வராது.

டிஎக்ஸ் (சிறிய சென்ஸாருக்கான) லென்ஸை ஃபிலிமுக்கு வாங்காதீர்கள். 35 எம்எம் ஃபிரேமின் மூலைகள் கருக்கும்.

கேனனில் ஏன் யாரும் அபர்ச்சர் வளையம் பற்றிப் பேசுவதில்லை?

1987-இல் ஈஎஃப் மவுண்ட் வந்தபோதே கேனன் வளையத்தை விட்டுவிட்டது. முதல் நாளிலிருந்து எல்லாம் மின்சாரம். அதனால் கேனனின் ஈஓஎஸ் ஃபிலிம் பாடியும் டிஎஸ்எல்ஆரும் (டிஜிட்டல் எஸ்எல்ஆர்) ஈஎஃப் லென்ஸைத் தடையில்லாமல் பகிர்ந்துகொள்ளும். சிறிய சென்ஸாருக்கான ஈஎஃப்-எஸ் மட்டும் விலக்கு, அது ஃபிலிம் பாடியில் உட்காராது.

அதற்கு முன் 1971 முதல் இருந்த எஃப்டி லென்ஸ்களில் வளையம் உண்டு. ஆனால் அவை டிஎஸ்எல்ஆருக்கு ஒத்துவராது. எஃப்டி லென்ஸ் ஃபிலிமிலிருந்து 42 மில்லிமீட்டர் தள்ளி உட்காரக் கட்டியது, ஈஎஃப் பாடியில் அந்தத் தூரம் 44. கண்ணாடியில்லாத அடாப்டர் போட்டால் இன்ஃபினிட்டி (வெகுதூர) ஃபோகஸ் வராது. கண்ணாடி உள்ள மலிவு அடாப்டர் போட்டால் வரும், கூர்மை போய்விடும். எஃப்டி வைத்திருப்பவர் மிரர்லெஸ் பாடி தேடுவதுதான் சரி. அடாப்டரில் லென்ஸின் அபர்ச்சர் லீவரைப் பிடிக்கும் முள் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் வளையத்தைத் திருப்பினாலும் பிளேடு அசையாது.

பென்டாக்ஸ் எம் வரிசை லென்ஸ், டிஜிட்டல் பென்டாக்ஸ் பாடி. ஷட்டர் விழவில்லை.

மெனுவில் ‘அபர்ச்சர் வளையத்தைப் பயன்படுத்த அனுமதி’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். பிறகு எம் மோடுக்குப் போய், வளையத்தில் எண் வைத்து, பச்சைப் பொத்தானை அழுத்துங்கள். கேமரா ஒரு கணம் பிளேடை மூடி ஒளியை அளந்து ஷட்டர் வேகத்தை அமைக்கும். வெளிச்சம் மாறினால் மறுபடி ஒருமுறை. 1983 முதல் வந்த ஏ வரிசை லென்ஸ்களில் வளையத்தை ‘ஏ’ என்ற எழுத்தில் வைத்தால் போதும், இந்த வேலை வேண்டாம்.

ரிக்கோவின் ‘பி’ வகை ரிக்கனான் லென்ஸ்களைப் பென்டாக்ஸ் ஆட்டோஃபோகஸ் பாடியில் மாட்டாதீர்கள். அவற்றின் பின்புறம் கூடுதலாக ஒரு முள் உண்டு. அது பாடியின் ஃபோகஸ் திருகுக் குழியில் இறங்கி மாட்டிக்கொள்ளும். பிறகு லென்ஸைக் கழற்ற மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

எந்த லென்ஸ் எந்த பாடியில் அடாப்டரோடு போகும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மவுண்ட்டிலிருந்து ஃபிலிம் அல்லது சென்ஸார் வரையிலான தூரத்தைப் பாருங்கள். மில்லிமீட்டரில்: நிக்கான் எஃப் 46.5, ஒலிம்பஸ் ஓஎம் 46, பென்டாக்ஸ் கே-யும் எம்42 திருகு மவுண்ட்டும் 45.46, கேனன் ஈஎஃப் 44, மினோல்டா எஸ்ஆர் 43.5, கேனன் எஃப்டி 42. மிரர்லெஸ்ஸில் கேனன் ஆர்எஃப் 20, சோனி ஈ 18, ஃபியூஜி எக்ஸ் 17.7, நிக்கான் இசட் 16.

லென்ஸின் எண் பெரிதாகவும் பாடியின் எண் சிறிதாகவும் இருந்தால் இடைவெளியில் அடாப்டர் உட்காரும். நிக்கான் லென்ஸ் கேனன் டிஎஸ்எல்ஆரில் போகும், 2.5 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. கேனன் லென்ஸ் நிக்கான் டிஎஸ்எல்ஆரில் போகாது. எம்42 லென்ஸ் கேனனில் அருமையாகப் போகும், நிக்கானில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தால் இன்ஃபினிட்டி போய்விடும். மிரர்லெஸ்ஸில் எல்லாமே போகும்.

ஃபுல்ஃபிரேம் (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்ஸார் உள்ள) கேனன் டிஎஸ்எல்ஆரில் ஒரு எச்சரிக்கை. பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் சில பழைய லென்ஸ்களில் மிரர் இடிக்கும். முதல்முறை மாட்டுமுன் லென்ஸின் ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வைத்து, மவுண்ட்டைத் தாண்டிப் பின்முனை எவ்வளவு உள்ளே வரும் என்று அளந்துகொள்ளுங்கள்.

ஹீலியாஸ் 44-2-இல் இரண்டு அபர்ச்சர் வளையம் இருக்கிறதே, எதைத் திருப்புவது?

இந்தியாவில் ஜெனிட் கேமராக்களோடு நிறைய வந்த 58 எம்எம் எஃப்/2 இது. கிளிக் உள்ள வளையத்தில் வேண்டிய எண்ணை, எஃப்/5.6 என்று வையுங்கள். கிளிக் இல்லாத வளையம் எஃப்/2-க்கும் எஃப்/5.6-க்கும் நடுவில் மட்டும் ஓடும். திறந்து வைத்து ஃபோகஸ் செய்யுங்கள், கண்ணை எடுக்காமல் தட்டும் வரை மூடுங்கள், எடுங்கள்.

மற்ற எம்42 லென்ஸ்கள் பலவற்றில் பின்னால் ஒரு முள் இருக்கும், அதை அழுத்தினால்தான் பிளேடு மூடும். பக்கத்தில் ‘ஏ/எம்’ சுவிட்ச் இருந்தால் எம்-இல் வையுங்கள். சுவிட்ச் இல்லையென்றால் முள்ளை அழுத்தும் உதடு உள்ள அடாப்டர் கேட்டு வாங்குங்கள்.

மிரர்லெஸ்ஸில் பழைய லென்ஸ் போட்டேன், ஷட்டரே விழவில்லை.

‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். சிப் இல்லாத லென்ஸைக் கேமரா லென்ஸாகவே எண்ணுவதில்லை. சோனி, கேனன், ஃபியூஜி மூன்றிலும் இந்த அமைப்பு உண்டு. பிறகு ஏ மோடில் எடுக்கலாம். வளையத்தைத் திருப்பினால் பிளேடு நிஜமாகவே மூடும், மீட்டர் அதை நேராக அளக்கும். எஃப்/11-இல் வைத்துக்கொண்டு ஃபோகஸ் செய்யாதீர்கள். திரையில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும், எல்லாமே கூர்மையாக இருப்பதுபோல் தோன்றும். திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு கிளிக் எண்ணி மூடுங்கள்.

50 எம்எம் என் டிஜிட்டலில் ஏன் நெருக்கமாகத் தெரிகிறது?

சென்ஸார் சிறியது. நிக்கான் டிஎக்ஸில் 75 எம்எம் போலவும், கேனனின் சிறிய சென்ஸாரில் 80 எம்எம் போலவும் பார்வைக்கோணம் குறுகும். எஃப் எண்ணின் எக்ஸ்போஷர் மாறாது. மெனுவில் 50 என்றே பதியுங்கள்.

ஃபிலிமில் நன்றாக இருந்த லென்ஸ், டிஜிட்டலில் எஃப்/8-க்கு மேல் வெளுக்கிறது. ஏன்?

பிளேடில் எண்ணெய். ஃபோகஸ் வளையத்து கிரீஸ் வெயில் காலத்தில் இளகி, பிளேடுகளில் பரவி ஒட்டவைக்கும். ஷட்டர் திறப்பதற்குள் பிளேடு எஃப்/16-ஐ எட்டாமல் எஃப்/8-இல் தவழ்ந்துகொண்டிருக்கும். முழுத் திறப்பில் படம் சரியாக இருந்து, மூட மூட வெளுப்பு ஏறினால் வேறு சந்தேகமே வேண்டாம்.

ஃபிலிமிலும் இதே கோளாறு இருந்திருக்கும். கலர் நெகட்டிவ் ஒன்றிரண்டு படி அதிக ஒளியைத் தாங்கிக்கொள்ளும், லேப் பிரின்ட் போடும்போது சரிசெய்துவிடும். சென்ஸாரில் வெளுத்தது வெளுத்ததுதான்.

சோதனை: நிக்கான், பென்டாக்ஸ் லென்ஸைக் கழற்றி வளையத்தை எஃப்/16-இல் வையுங்கள். பின்னால் உள்ள லீவரைத் தள்ளினால் பிளேடு திறக்கும். விட்டதும் ‘டக்’கென்று மூட வேண்டும். மெதுவாக மூடினாலோ, பிளேடில் ஈரம்போல் மினுமினுப்பு தெரிந்தாலோ சர்வீஸ் வேண்டும். கேனன் எஃப்டியைப் பாடியிலோ அடாப்டரிலோ மாட்டித்தான் பார்க்க முடியும். சுத்தம் செய்வது பிளேடுகளைக் கழற்றிச் செய்யும் வேலை. முன்னாலிருந்து பெட்ரோலை ஊற்றி ஆட்டித் தருகிற ஆளிடம் கொடுக்காதீர்கள். எண்ணெய் கரைந்து கண்ணாடிகளுக்கு நடுவில் போய்ப் படியும்.

மும்பை மழைக்காலத்தில் லென்ஸை எப்படி வைப்பது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தோல் உறையில் வைக்கவே வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், ஃபங்கஸ் அங்கிருந்துதான் தொடங்கும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதம் சரியான அளவு. அதற்குக் கீழே வெகுவாக இறங்கினால் கிரீஸ் காயும்.

நீல சிலிகா ஜெல் ரோஸ் நிறமானால் சுமார் 120 டிகிரியில் சூடாக்கி மறுபடி நீலமாக்கலாம். அதற்குச் சமையல் பாத்திரத்தை எடுக்க வேண்டாம். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, உடம்புக்கு ஆகாது. ஏசி அறையிலிருந்து வெளியே போகும்போது பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். இல்லையென்றால் கண்ணாடிக்கு உள்பக்கம்கூடப் பனி பிடிக்கும்.

சோர் பஜாரில் லென்ஸ் பார்க்கும்போது என்ன செய்ய வேண்டும்?

கடைக்காரர் ‘ஏக்தம் சாஃப் ஹை’ (ரொம்பச் சுத்தமாக இருக்கிறது) என்றுதான் சொல்வார். உங்கள் பாடி, மெமரி கார்டு, ஒரு சின்ன டார்ச் கையில் இருக்கட்டும். வளையத்தை முதல் எண்ணிலிருந்து கடைசிவரை திருப்புங்கள். ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தெரிய வேண்டும். இரண்டு எண்ணுக்கு நடுவில் வழுக்கினால் உள்ளே கிளிக் குண்டு போயிருக்கும். லீவர் சோதனையைச் செய்யுங்கள். பிறகு பிளேடைத் திறந்து பிடித்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். சிலந்திவலை போல் கிளைத்திருந்தால் ஃபங்கஸ். தூசி நாலு பொட்டு இருப்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம், படத்தில் வராது.

கடைசியாக, எம் மோடில் ஒரே சுவரை மூன்று படம்: எஃப்/2.8 1/1000, எஃப்/5.6 1/250, எஃப்/11 1/60. மூன்றும் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். மூன்றாவது வெளுத்திருந்தால் சர்வீஸ் செலவையும் கணக்கில் வைத்து விலை பேசுங்கள். மவுண்ட் திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், விட்டுவிடுங்கள்.

ஃபியூஜி லென்ஸில் இருக்கும் வளையமும் இதே வகையா?

இல்லை. அது மின்சாரச் சுவிட்ச். கேமரா ஆஃப் ஆக இருக்கும்போது திருப்பினால் உள்ளே எதுவும் அசையாது.

வளையம் இறுகிவிட்டது. நானே திறக்கலாமா?

முதலில் வெளியிலிருந்து காரணம் தேடுங்கள். மவுண்ட் திருகு ஒன்று தளர்ந்து மேலெழுந்தாலே வளையம் உரசும், இறுக்கினால் தீர்ந்துவிடும். ஜப்பானிய லென்ஸ்களில் இருப்பது ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) வகைத் திருகு. வீட்டில் உள்ள சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் சரியாக உட்காராது, தலையை நாசமாக்கும். ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் வாங்கிய பிறகே தொடுங்கள். திருகு அசையாவிட்டால் பலம் கொடுக்காமல், அதன்மேல் ஒரு துளி அசிட்டோனை ஊசிமுனையால் வைத்துச் சில நிமிடம் பொறுங்கள். பூட்டுப் பசை இளகும். பிளாஸ்டிக்கிலும் பெயின்ட் எழுத்திலும் அசிட்டோன் படக்கூடாது.

வளையத்தை எடுக்கப் போகிறீர்கள் என்றால் வெள்ளைத் துணியை விரித்த தட்டின் மேல் வேலை செய்யுங்கள். பல லென்ஸ்களில் வளையத்துக்கு அடியில் கடுகளவு எஃகுக் குண்டும் அதற்கடியில் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். வளையம் தூக்கியதும் தெறித்து ஓடும். சிலவற்றில் குண்டுக்குப் பதில் தகட்டு ஸ்பிரிங், அது ஓடாது. ஒவ்வொரு அடுக்கையும் கழற்றுமுன் மொபைலில் படம் எடுங்கள், வளையத்துக்கும் பீப்பாய்க்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

மாட்டும்போது வளையத்தின் உட்பள்ளம், உள்ளே பிளேடுகளை இயக்கும் முள்ளின் மேல் உட்கார வேண்டும். தவறினால் வளையம் அழகாகச் சுழலும், கிளிக்கும் கேட்கும், பிளேடு மட்டும் அசையாது. திருகுகளை முழுசாக இறுக்குமுன் கண்ணாடி வழியாகப் பார்த்து எல்லா எண்ணுக்கும் பிளேடு நகர்கிறதா என்று உறுதி செய்யுங்கள். முடித்தபின் மேலே சொன்ன மூன்று சுவர் படங்களை எடுத்து ஒப்பிடுங்கள்.